காற்றைக் கட்டியவர்கள் – 12: பறக்கும் முன்பே பறந்த தேஜஸ்

சென்ற அத்தியாயத்தில் தரமணியில் நின்றோம். பெருங்குடி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் அது. அங்குள்ள சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில், கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தின் காற்றுச் சுரங்கத்துக்குள் உயரமான கட்டடங்களும் கோபுரங்களும் சிறு மாதிரிகளாக நின்று புயல்காற்றை வாங்கிக்கொள்வதைப் பார்த்தோம். கட்டடம் நின்ற இடத்தில் நிற்கும். அதன் மேல் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று தெரிந்தால் பெரும்பாலான வேலை முடிந்தது. போர் விமானம் அப்படி நிற்பதில்லை. தலையைத் தூக்கும், சாயும், உருளும், ஒலியின் வேகத்தைத் தாண்டும். ஒவ்வொரு நிலையிலும் காற்று அதை வேறு விதமாகப் பிடிக்கும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை நடத்திய சாகச நிகழ்ச்சிக்காகப் பெருங்குடியிலும் வேளச்சேரியிலும் பறக்கும் ரயிலில் கால் வைக்க இடமில்லை. அன்று கடலுக்கு மேல் வந்தவற்றில் தேஜஸும் ஒன்று. முக்கோண இறக்கை, பின்னால் கிடைமட்ட வால் இல்லை, பார்க்கச் சிறியது. அந்த விமானம் முதன்முதலாகத் தரையை விட்டு எழுந்தது 2001 ஜனவரி 4 அன்று, பெங்களூரில். ஓட்டியவர் விங் கமாண்டர் ராஜீவ் கோதியால். 18 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். அதுவரை உலகில் யாரும் ஓட்டியிராத விமானம். கணினி ஒரு கணம் கைவிட்டாலும் நேராகப் பறக்க முடியாத விமானம். அதை எந்த நம்பிக்கையில் ஒரு மனிதர் மேலே கொண்டுபோனார்?

ஏற்கெனவே அவர் அதைத் தரையில், சிமுலேட்டரில், மறுபடி மறுபடி ஓட்டியிருந்தார் என்பது வழக்கமான பதில். உண்மைதான். ஆனால் இன்னும் பிறக்காத விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று சிமுலேட்டருக்கு யார் சொன்னது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விதான்.

சிமுலேட்டர் என்றதும் திரையில் ஓடும் காட்சியும் ஆடும் இருக்கையும் நினைவுக்கு வரும். அவை வெளித்தோற்றம். உள்ளே இருப்பது எண்களின் அட்டவணை. பிளஸ் டூ தேர்வுக்குக் கிளார்க் டேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, இடப்பக்கம் வரிசையையும் மேலே நிரலையும் பார்த்து எண்ணை எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். விமானத்தின் மூக்கு காற்றுக்கு எதிரே எத்தனை பாகை தூக்கியிருக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு சறுக்குகிறது, ஒலியோடு ஒப்பிட வேகம் என்ன, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எலிவான்கள் எவ்வளவு மடங்கியிருக்கின்றன: இந்த நாலைந்து விவரங்களைக் கொண்டு கணினி அட்டவணைக்குள் போகிறது. தூக்குவிசை இவ்வளவு, இழுவை இவ்வளவு, மூக்கைத் திருப்பும் முறுக்கம் இவ்வளவு என்று எடுத்து வருகிறது. நியூட்டனின் விதியில் போட்டு அடுத்த கணத்தில் விமானம் எங்கே இருக்கும் என்று கணக்கிடுகிறது. இதை ஒரு வினாடிக்குப் பல முறை செய்கிறது. விமானி கையில் உணரும் ‘பறத்தல்’ இதுதான்.

அட்டவணையில் ஓர் எண் தவறாக இருந்தால் சிமுலேட்டர் தடுமாறிக் காட்டிக்கொடுக்காது. காட்சி அதே அழகோடு ஓடும், இருக்கை அதே நயத்தோடு ஆடும். விமானி மட்டும் இல்லாத ஒரு விமானத்தை ஓட்டப் பழகிக்கொண்டிருப்பார். அதனால்தான் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்காமல் சிமுலேட்டர்களின் வரலாற்றை எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

எண்களுக்காகக் காற்றிடமே போன விமானக்காரர்கள் ரைட் சகோதரர்கள். காற்றுச் சுரங்கம் அவர்களுக்கு முன்பே உண்டு. இங்கிலாந்தில் பிரான்சிஸ் வென்ஹாம் 1871-லேயே ஒன்றைக் கட்டியிருந்தார். ஆனால் 1901-இல் தங்கள் கிளைடர் கணக்குக்குப் பாதிகூட எழும்பாததைக் கண்ட ரைட் சகோதரர்கள், அதுவரை எல்லாரும் நம்பிவந்த அட்டவணைகளையே சந்தேகித்தார்கள். டேட்டன் நகரில் ஆறு அடி நீள மரப்பெட்டி செய்து, அதற்குள் காற்றை ஓட்டி, ஏறக்குறைய 200 இறக்கை வடிவங்களைச் சோதித்துப் புது அட்டவணை தயாரித்தார்கள். 1903-இல் விமானம் எழுந்தது.

தரையில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பொறி 1929-இல் எட்வின் லிங்க் கையில் பிறந்தது. அவருடைய குடும்பத் தொழில் ஆர்கன் வாத்தியம் செய்வது. அந்த வாத்தியத்தின் துருத்திகளையே வைத்துச் சிறு விமானக் கூண்டை ஆட்டினார். இரண்டாம் உலகப்போரில் பல்லாயிரம் விமானிகள் அதில் பழகினார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழக அது போதும். எந்த விமானத்தின் காற்றியக்கமும் அதற்குள் இல்லை.

இரண்டு ஓடைகளும் 1944-இல் கலந்தன. அமெரிக்கக் கடற்படையின் கேப்டன் லூயிஸ் டி ஃப்ளோரஸ் ஓர் ஆசையைச் சொன்னார்: புது விமானத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துக் கிடைக்கும் எண்களை ஒரு பொறிக்குள் ஊட்ட வேண்டும், விமானி அதில் உட்கார்ந்து, விமானத்தைக் கட்டும் முன்பே அது ஓட்ட எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். வேலை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தது. பொறுப்பேற்றவர் ஜே ஃபாரஸ்டர் என்ற இளைஞர். கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. அத்தனை எண்களை அவ்வளவு வேகத்தில் கையாள அன்றைய அனலாக் பொறிகளால் ஆகாது. எண்முறைக் கணினி ஒன்றையே உருவாக்க இறங்கினார்கள். அதுதான் வேர்ல்விண்ட். வழியிலேயே, 1948-இல், விமானக் கூண்டு கைவிடப்பட்டது. கணினி மட்டும் வளர்ந்து 1951-இல் இயங்கத் தொடங்கியது. கேட்ட கணத்தில் விடை தரும் கணினிகளின் மூதாதை அது. காற்றுச் சுரங்கத்தின் எண்களை ஜீரணிக்கப் பிறந்த பொறி கணினி வரலாற்றையே திருப்பிவிட்டது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1950களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், நாலைந்து நண்பர்களோடு தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பயிற்சித் திட்டத்தில் ஈடுபட்டார். அதில் காற்றியக்க வடிவமைப்பு அவர் பங்கு. அதே பத்தாண்டில் பெங்களூரில், ஜெர்மானியரான குர்ட் டாங்க் தலைமையில், இந்துஸ்தான் நிறுவனம் மாருத் என்ற உண்மையான போர் விமானத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தது. அது எப்படிப் பறக்கும் என்று அறிய டாங்க் செய்த ஏற்பாடு எளிமையானது, துணிச்சலானது. விமானத்தின் முழு அளவில், எஞ்சின் இல்லாத மரக் கிளைடர் ஒன்றைச் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துக்கொண்டுபோய் வானில் விட்டார்கள். 1959-இல் தொடங்கி அப்படிப் பல முறை பறந்து பார்த்த பிறகுதான் 1961 ஜூன் 17 அன்று மாருத் எழுந்தது.

இருபத்தைந்து ஆண்டு கழித்து, பின்னர் தேஜஸ் என்று பெயர் பெற்ற இலகுரகப் போர் விமானத் திட்டம் வந்தபோது அந்த வழி அடைத்துவிட்டது. 1984-இல் தொடங்கிய விமான மேம்பாட்டு முகமையில் கோட்டா ஹரிநாராயணா குழு தேர்ந்தெடுத்த வடிவம் வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைத்த வடிவம். சாதாரண விமானம் காற்றில் சற்றுத் தலை தூக்கினால் தானே திரும்பி நேராகும். இது நேராகாது, தூக்கிய தலை ஒரு வினாடிக்குள் கட்டுக்கடங்காமல் போகும். சட்டென்று திரும்பும் திறனுக்கும் குறைந்த எடைக்கும் கொடுக்கும் விலை அது. நான்கு மடங்குப் பாதுகாப்போடு அமைந்த கணினி, கணந்தோறும் எலிவான்களை அசைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் விமானம் விமானமாக இருக்கும். இதை மரத்தில் செய்து கயிறு கட்டி இழுத்துப் பார்க்க முடியாது. அந்தக் கணினிக்கு எழுதும் கட்டுப்பாட்டு விதிகளுக்கும் அதே அட்டவணைதான் அடிப்படை. ஆகவே அட்டவணை பிழைத்தால் சிமுலேட்டர் மட்டும் பொய் சொல்லாது, விமானமே விழும்.

அட்டவணை பிறந்த இடங்களில் முதன்மையானது பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் முவ்வேகக் காற்றுச் சுரங்கம். 1967-இல் இயங்கத் தொடங்கியது. ஒலிக்குக் கீழே, ஒலியை ஒட்டி, ஒலிக்கு மேலே என்று மூன்று வகை வேகங்களையும், மாக் 0.2 முதல் 4 வரை, ஒரே கூடத்தில் தரும். மாதிரி நிற்கும் அறை 1.2 மீட்டர் சதுரம். இந்திய அறிவியல் கழகத்தில், 14 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள நீள்வட்ட வாய் கொண்ட பழைய குறைவேகச் சுரங்கமும் உண்டு. இறங்கும் வேகத்தில் விமானத்தின் குணத்தை அறிய அந்த மாதிரிக் கூடம் உதவும். முவ்வேகச் சுரங்கம் இருக்கும் முருகேஷ்பாளையம் பக்கத்துச் சாலைக்கே ‘விண்ட் டனல் ரோடு’ என்று பெயர். இப்படி ஒரு பெயரைப் பெற்ற சாலை நம் நாட்டில் இருப்பது எனக்குப் பெருமை.

முவ்வேகச் சுரங்கம் ஊதித் தீர்க்கும் வகை. அமுக்கிகள் நெடுநேரம் ஓடிப் பெரிய எஃகுக் கலன்களில் காற்றை அடைத்து வைக்கும். வால்வு திறந்ததும் அவ்வளவும் சோதனை அறை வழியாகப் பாய்ந்து வெளியேறும். சில பத்து வினாடிகள்தான். அந்தப் பேரிரைச்சலின் நடுவே மாதிரி விமானம் தன் மூக்கை ஒரு கோணத்திலிருந்து இன்னொரு கோணம்வரை தூக்கிக் காட்ட வேண்டும். எண்கள் பதிவாக வேண்டும். பிறகு கலன்கள் மறுபடி நிறையும்வரை காத்திருப்பு.

மாதிரியை வாலிலிருந்து ஒரு தண்டு தாங்கும். மாதிரியின் வயிற்றுக்குள் விரலால் அசைக்க முடியாத விறைப்புள்ள ஒரு தராசு. அதில் ஒட்டிய திரிபுமானிகள், மூன்று திசை விசைகளையும் மூன்று அச்சு முறுக்கங்களையும், ஆக ஆறு அளவுகளை, மின்சாரக் குறியாகச் சொல்லும். எலிவானை ஐந்து பாகை மடக்கிய நிலையில் அளவு வேண்டுமா? அந்தக் கோணத்தில் செய்த துண்டை மாதிரியில் திருகிப் பொருத்தி மறுபடி ஊத வேண்டும். பத்துப் பாகைக்கு மறுபடி. தேஜஸின் இரு இறக்கையிலும் இரண்டிரண்டு எலிவான், முன்விளிம்பில் மும்மூன்று ஸ்லாட், வாலில் சுக்கான், காற்றுத் தடைகள். தலை தூக்கும் கோணம் இருபது, சறுக்கல் கோணம் பத்து, வேகம் பத்து, எலிவான் நிலை பத்து என்று கணக்குக்காக எடுத்தாலே 20,000 சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஊதிப் பார்க்க ஆயுள் போதாது. எதை அளப்பது, எதை இடையீட்டால் ஊகிப்பது, எங்கே ஊகிக்கவே கூடாது என்று முடிவு செய்வதில்தான் காற்றியக்கப் பொறியாளரின் மதிநுட்பம் இருக்கிறது. குறிப்பாக அதிகக் கோணத்தில், முக்கோண இறக்கையின் மேல் சுழல்கள் உருவாகி உடையும் இடத்தில், எண்கள் நேர்க்கோட்டில் போகாது. இரண்டு அளவுகளுக்கு நடுவே கோடு இழுத்தால் ஏமாந்துபோவோம்.

சுரங்கமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. தேஜஸின் இறக்கை வீச்சு 8.2 மீட்டர். 1.2 மீட்டர் அறைக்குள் போகும் மாதிரி, பெருங்குடியில் ஒரு வீட்டு வரவேற்பறை மேசையில் வைக்கும் அளவுதான். காற்றின் மூலக்கூறுகள் சின்னதாவதில்லை. சிறிய உடலின் மேல் காற்று ஒட்டிப் பாயும் விதம் பெரிய உடலின் மேல் பாய்வதற்கு ஒப்பாகாது. 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்டுசொன்ன எண் இந்த வேறுபாட்டை அளக்கிறது. அதை ஈடுகட்ட மாதிரியின் மூக்கிலும் இறக்கை முன்விளிம்பிலும் நுண்ணிய கார்போரண்டம் துகள்களை ஒட்டி, காற்றைச் சரியான இடத்தில் கொந்தளிக்க வைப்பார்கள். தாங்கும் தண்டு நுழைய மாதிரியின் பின்பக்கத்தைச் சற்று மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு ஒரு திருத்தம். சுவர்கள் அருகில் இருப்பதற்கு ஒரு திருத்தம். இன்னொன்று: நின்றபடி அளந்தால் மட்டும் போதாது. விமானம் வேகமாகத் தலை தூக்கும்போதும் உருளும்போதும் எழும் எதிர்ப்பு வேறு. அதற்காக மாதிரியை அதிரவைத்து அளக்கும் தனிச் சோதனைகள். சிமுலேட்டரில் விமானம் ‘துள்ளுகிறதா’, ‘அடங்குகிறதா’ என்று விமானி சொல்லும் உணர்வு பெரும்பாலும் இந்த எண்களிலிருந்து வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் அட்டவணையை அப்படியே நம்பியவர்கள் இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1992-இல் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் கட்டுப்பாட்டு விதிகளுக்கான தேசியக் குழு அமைந்தது. ஷ்யாம் செட்டி அதை வழிநடத்தினார். இத்துறையில் ஒரு நல்ல மரபு உண்டு. அளந்த எண்ணை மட்டும் வைத்துச் சோதிப்பதில்லை. அந்த எண் இத்தனை சதவீதம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, பல எண்கள் ஒரே நேரத்தில் கெட்ட பக்கம் சாய்ந்தால் என்ன என்று அட்டவணையை வேண்டுமென்றே கெடுத்து, அந்தக் கெட்ட விமானத்தைச் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதிலும் விமானி பத்திரமாக இறங்கினால்தான் விதிகளுக்கு அனுமதி.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. சுவீடனின் கிரிப்பன் முன்மாதிரி 1989 பிப்ரவரியில் தரையிறங்கும்போது விழுந்தது. 1992-இல் அமெரிக்காவின் ஒய்.எஃப்-22 ஓடுபாதையில் வயிறு தேய்த்தது. 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் மக்கள் கூட்டத்தின் கண்ணெதிரே இன்னொரு கிரிப்பன் விழுந்தது. மூன்றிலும் விமானிகள் உயிர் தப்பினார்கள். மூன்றிலும் விமானியின் கையும் கணினியின் விடையும் ஒன்றையொன்று துரத்தி ஊசலாடின. உலகின் தேர்ந்த நிறுவனங்களுக்கே இந்தக் கதி என்றால், முதன்முறையாக இத்தகைய விமானம் கட்டும் நாடு எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

பெங்களூரில் விமான மேம்பாட்டு நிறுவனத்தின் நிகழ்நேரச் சிமுலேட்டர், ஆய்வகத்தின் சொந்தச் சிமுலேட்டர், உண்மையான நீரியல் இயக்கிகளையே பொருத்திய ‘இரும்புப் பறவை’ என்று படிப்படியாகச் சோதித்தார்கள். 1996 ஜூலையில் அடுத்த படி. அமெரிக்காவில் விஸ்டா என்ற மாற்றியமைத்த எஃப்-16 விமானம் இருந்தது. வேறு எந்த விமானத்தின் காற்றியக்க எண்களைக் கொடுத்தாலும், தன் கணினியால் அந்த விமானத்தைப் போலவே வானில் நடந்துகொள்ளும். அதில் இந்திய விமானத்தின் கணக்கை ஏற்றி 33 முறை பறந்தார்கள். பிறக்காத தேஜஸ் எஃப்-16-இன் உடலில் வானத்தைப் பார்த்தது அப்போதுதான்.

1998 மே மாதம் பொக்ரான் சோதனை. அமெரிக்கத் தடை வந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு வேலையில் உதவிவந்த அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் பங்கு அதோடு நின்றது; எஞ்சிய வேலையை இங்கேயே முடிக்க வேண்டியதாயிற்று. தடையை மீறிச் சாதித்த கதையாக இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், சரிதான். ஆனால் அந்தக் கதைகளில் கணினியும் மென்பொருளும் மட்டுமே நாயகர்கள். காற்றின் எண்கள் மட்டும் வெளிநாட்டாரின் கையில் இருந்திருந்தால் எத்தனை திறமையான மென்பொருளாளர்களாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. கலன் நிறையக் காத்திருந்து, திருகாணி முடுக்கி, ஒவ்வொரு ஊதலுக்கும் கோடு வரைந்த மனிதர்களின் வேலை நம் எல்லைக்குள் இருந்தது. 2001 ஜனவரியின் 18 நிமிடத்தில் அவர்களுக்குரிய பங்கை நாம் இன்னும் சரியாக எண்ணவில்லை.

முதல் பறப்போடு அட்டவணை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு பறப்பிலும் விமானி கட்டுப்பாட்டுத் தண்டை அளவாக அசைப்பார். விமானம் எப்படித் திரும்பியது என்று பதிவாகும். அந்தப் பதிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, உண்மையான எண்களைப் பிரித்தெடுத்து, சுரங்கத்தின் எண்களோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாத இடத்தில் அட்டவணை திருத்தப்படும், சிமுலேட்டர் திருந்தும், அதன் பிறகே அடுத்த எல்லைக்கு அனுமதி. 2003 ஆகஸ்டில் ஒலியின் வேகத்தைத் தாண்டியதும், 2019-இல் இறுதிச் செயல்பாட்டு அனுமதி கிடைத்தபோது தலை தூக்கும் கோணம் 24 பாகை வரை எட்டியிருந்ததும் இப்படிப் பாகை பாகையாக ஏறிய படிகள்தான். 2016 ஜூலை 1 அன்று பெங்களூரில் தொடங்கிய முதல் தேஜஸ் படைப்பிரிவு, 2018-இல் கோவைக்கு அருகே சூலூருக்கு வந்து சேர்ந்தது.

கடற்படைத் தேஜஸுக்கு இந்த வேலையை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் லெவ்கான் என்ற புதிய அசையும் பரப்பைச் சேர்த்தார்கள். ஒரு பரப்பு கூடினால் அட்டவணைக்கு ஒரு பரிமாணமே கூடுகிறது. அதோடு, கப்பலின் வளைந்த மேட்டிலிருந்து பாயும் விமானம், பறக்கப் போதுமான வேகம் வருமுன்பே காற்றில் இருக்கும். அந்தச் சில வினாடிகளில் விமானியின் கை தண்டில் இருக்காது, கணினிதான் ஓட்டும். 2014 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஹன்சா தளத்தில், கரையிலேயே கட்டிய மேட்டிலிருந்து கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் கடற்படையின் முதல் முன்மாதிரியை அப்படி எழுப்பினார். 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா கப்பலின் தளத்தில் கம்பியைப் பிடித்து இறக்கியவரும் அவரே. ஓடும் கப்பலின் பின்னால் காற்று எப்படிக் கலைகிறது என்பது தனிப் பெருங்கதை. அதை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)